ஆங்கிலப் பாட்டை வைத்து உச்சரிப்பும் கேட்டலும்: எது உதவும், எது கெடுக்கும்?

கரும்பலகை:
எட்டாம் வகுப்பு, தமிழ் வழி, 42 பிள்ளைகள். வாரம் ஒரு பீரியட், அதாவது 40 நிமிடம், ஆங்கிலக் கேட்டல் பயிற்சிக்கு ஒதுக்க முடியும். இருப்பது ஒரு ஃபோன், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், ஜெராக்ஸ் எடுக்க வசதி. புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டுகளை வைத்து நடத்தலாம் என்று எண்ணம்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த மாதிரிப் பாட்டை எடுப்பது? ஒர்க்ஷீட்டில் எந்தச் சொல்லைக் காலி விடுவது? பாட்டில் பழகிய உச்சரிப்பு பேச்சுக்கு வந்து சேருமா, இல்லை பாட்டோடு நின்றுவிடுமா? பிள்ளைகளுக்குப் பாட்டு பிடிக்கும் என்பது தெரிந்ததே, அதைத் தாண்டி நடைமுறையாகச் சொல்லுங்கள்.

மெட்டளவு:
மூன்றாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த 'ஹேப்பி பர்த்டே டு யூ' வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணிக்கைத் தாளம். 'ஹேப்பி'யின் இரண்டு அசையும் ஒரே எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். 'பர்த்' முதல் தட்டில் விழும், 'டே' இரண்டாவதில், 'டு' மூன்றாவதில், 'யூ' அடுத்த சுற்றின் முதல் தட்டில் நீளும். 'டு'வுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஒரு முழு எண்ணிக்கை, அதோடு அந்த வரியிலேயே மிக உயர்ந்த ஸ்வரம். இதே வரியைப் பேச்சில் சொன்னால் 'டு'தான் மிக மெலிந்த அசை. உதடு குவியாது, 'ட' என்று அரை அகரமாக நழுவிப் போகும். பாட்டாகவே கற்ற பிள்ளை எல்லா இடத்திலும் 'டூ' என்று முழுதாகச் சொல்லும். நம் பேச்சில் அசைகள் பெரும்பாலும் ஒரே அளவில் நடப்பதால், அந்தப் பழக்கத்துக்கும் பாட்டு இன்னும் உரம் போடும்.

ஆகவே பாட்டு எதைத் தரும், எதைத் தராது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டும் விதம், அழுத்தம் ஒழுங்கான இடைவெளியில் வரும் உணர்வு, ஒரே வரியைச் சலிக்காமல் பலமுறை கேட்கும் பொறுமை, இந்த மூன்றும் கிடைக்கும். உயிரொலியின் நீளம் கிடைக்காது, ஏனென்றால் நீளத்தைத் தீர்மானிப்பது மெட்டு. 'ஷிப்'பையும் மெட்டு இழுத்து 'ஷீப்' ஆக்கிவிடும். 'கேப்', 'கேப்' என்று நாம் ஒரே மாதிரி எழுதும் இரண்டு சொல், தொப்பியும் வாடகை வண்டியும், ஆங்கிலக் காதுக்கு வேறுபடுவது பெரிதும் உயிரின் நீளத்தால்தான். வண்டிக்கான சொல்லில் உயிர் கொஞ்சம் நீளும். பாட்டில் அந்த அடையாளம் அழிந்துவிடும். குரலின் ஏற்ற இறக்கமும் கிடைக்காது. கேள்வியா, சந்தேகமா, முடிந்த வாக்கியமா என்று காட்டும் சுருதி அங்கே மெட்டின் சுருதியாகிவிடுகிறது.

இதற்கு மருந்து, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு படி வைப்பது. வரியை மெட்டு இல்லாமல், தாளத்தோடு மட்டும் பேசவைக்க வேண்டும். நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்த கரோலின் கிரஹாம் 1978இல் வெளியிட்ட 'ஜாஸ் சான்ட்ஸ்' இந்த வழிதான். அவர் ஜாஸ் பியானோ கலைஞரும்கூட. பேச்சின் இயல்பான அழுத்தத்தைத் தட்டில் வைத்துச் சொல்லும் பயிற்சி அது. மெட்டு இல்லாததால் மெலிந்த அசை மெலிந்தே இருக்கும்.

மேசையில் மூன்று தட்டு, ஒரே சீராக. 'கிட்ஸ் – ஃப்ளை – கைட்ஸ்' என்று தட்டுக்கு ஒரு சொல். தட்டின் வேகம் மாறாமல் 'த கிட்ஸ் வில் ஃப்ளை த கைட்ஸ்'. அடுத்து 'த கிட்ஸ் வில் பி ஃப்ளையிங் த கைட்ஸ்'. தட்டு எப்போதும் மூன்றுதான். நடுவில் வரும் 'வில் பி' நசுங்கினால்தான் அடுத்த தட்டுக்குப் போய்ச் சேர முடியும். நசுக்காத பிள்ளை தட்டைத் தவறவிடும், தவறியது அதற்கே தெரியும். வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாததை இந்த ஒரு பயிற்சி புரியவைத்துவிடும்.

நாற்பதுநிமிடம்:
பாட்டுத் தேர்வுக்கு மூன்று அளவுகோல் போதும்.

ஒன்று, சொல் அடர்த்தி. ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 150 சொல். நிதானமான பாட்டில் 60 முதல் 90 வரை இருக்கும். பாட்டின் நடுவில் 20 விநாடி கேட்டுச் சொற்களை எண்ணி மூன்றால் பெருக்குங்கள். எட்டாம் வகுப்புக்கு 100ஐத் தாண்டினால் வேண்டாம். இரண்டு, குரல் முன்னால் நிற்கிறதா என்பது. ஃபோனின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முதலில் மறைவது வாத்தியம் என்றால் நல்ல பாட்டு, குரல் மறைந்தால் விட்டுவிடுங்கள். மூன்று, பல்லவி திரும்பத் திரும்ப வர வேண்டும், சரணம் ஒரு கதையாக நகர வேண்டும். கதை இருந்தால் கேட்காத சொல்லைப் பிள்ளை ஊகிக்கும்.

கார்பென்டர்ஸ் குழுவின் 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' இந்த மூன்றுக்கும் பொருந்தும். கேரன் கார்பென்டரின் குரல் தாழ்ந்த ஸ்தாயி, கடைசி மெய் வரை தெளிவாக விழும். கொஞ்சம் தேறிய வகுப்புக்கு சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்', 1987 ஆல்பத்தில் வாத்தியமே இல்லாமல் பாடியது. வெறும் குரல் என்பதால்தான் எம்பி3 முறையை உருவாக்கிய பொறியாளர்கள் ஒலியின் துல்லியத்தைச் சோதிக்க அந்தப் பதிவை எடுத்துக்கொண்டார்கள். கண் முன்னே நடப்பதைச் சொல்லும் வினைகளே நிறைய, இலக்கணத்துக்கும் உதவும்.

காலி இடம் பற்றி. எழுதும் நேரத்தில் காது மூடிக்கொள்ளும் என்பதை வைத்துத்தான் எல்லாம். ஒரு காலிக்கும் அடுத்ததற்கும் இடையே 5 விநாடியாவது வேண்டும். முழுப் பாட்டுக்கு 8 முதல் 10 போதும். முதல் இரண்டு வரியில் காலியே வேண்டாம், குரலுக்குக் காது பழகட்டும். ஒரு வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதல் சொல்லையும் சேர்த்துக் காலி விட்டால் இரண்டாவது நிச்சயம் போகும்.

தொடக்க வகுப்புக்கு வரிக் கடைசிச் சொல். அங்கே ஒலி நீளும், எதுகைபோல் ஒத்த ஓசை வரும், பிறகு சற்று நிறுத்தம் கிடைக்கும். அடுத்து வரி நடுவில் உள்ள பெயர், வினை. மூன்றாவது கட்டத்தில்தான் 'ஆஃப்', 'டு', 'ஹிம்', 'ஹேட்' மாதிரி நசுங்கும் சொற்கள். இவற்றுக்குக் காலி விடுவதைவிட நல்ல வழி, மூன்று விநாடித் துண்டைப் போட்டு 'எத்தனை சொல்?' என்று மட்டும் கேட்பது. விரலால் காட்டட்டும். நான்கு என்று ஒரு கூட்டம், ஆறு என்று ஒரு கூட்டம் நிற்கும். அப்போது வரியைப் பலகையில் எழுதுங்கள். எந்தச் சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

பாட்டு ஏற்கெனவே தெரிந்திருந்தால் காலி இடத்தை நினைவிலிருந்து நிரப்பிவிடுவார்கள், கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட பாட்டுக்கு முழு வரிகளையும் கொடுத்து, 8 சொற்களை மட்டும் ஓசையில் நெருங்கிய வேறு சொல்லாக மாற்றி வையுங்கள். 'ஃபேர்' இருக்கும் இடத்தில் 'பேர்', 'வேர்ல்ட்' இருக்கும் இடத்தில் 'வேர்ட்'. கேட்டு அடித்துத் திருத்த வேண்டும்.

சந்திவிதி:
சொற்கள் ஒட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை, தமிழ் வகுப்பில் புணர்ச்சி என்று படித்ததுதான்.

'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்கிறது நன்னூல். மெய்யில் முடியும் சொல்லுக்கு அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒன்றும். 'பிக் இட் அப்' ஒரே சொல்லாகக் கேட்பது இதனால்தான். இ, ஈ, ஐ வழி யகரமும் மற்ற உயிர் வழி வகரமும் தோன்றும் உடம்படுமெய் விதியும் ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். 'ஐ ஆம்' பேச்சில் 'ஐயம்', 'கோ ஆன்' 'கோவான்'. அந்த வகரத்துக்கு மட்டும் பல் உதட்டைத் தொடக் கூடாது, உதடு குவிந்து விரிய வேண்டும். 'ஸ்டேன்ட் பை மீ' என்ற பாட்டின் பெயரை எடுங்கள், பென் இ. கிங் 1961இல் பாடியது. வேகமாகச் சொன்னால் நடுவில் உள்ள டகரம் விழும், னகரம் அடுத்த பகரத்தைப் பார்த்து மகரமாகும்: 'ஸ்டேம்பை மீ'. 'தென்பட்டது' என்பதை நாம் 'தெம்பட்டது' என்கிற அதே மாற்றம்.

ஆனால் ஒரு விதி நம்மைக் கெடுக்கும். 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.' கண் + இல்லை என்றால் 'கண்ணில்லை'. இதையே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய் 'கெட் அப்' என்பதைக் 'கெட்டப்' என்று இரட்டிக்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே ஒற்றை மெய்தான். நமக்கு இது கடினமாக இருக்கக் காரணமும் உண்டு. தமிழில் இரு உயிருக்கு நடுவில் ஒற்றையாக வரும் வல்லினம் மென்மையாகிவிடும். வன்மையாகச் சொல்ல வேண்டுமானால் இரட்டித்தே ஆக வேண்டும். வன்மையாகவும் ஒற்றையாகவும் ஒரு ககரத்தை உயிர்களுக்கு நடுவில் சொல்வது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லாதது.

இந்த இடத்தில் பாட்டு உண்மையிலேயே கைகொடுக்கிறது. பாடும்போது குறில் நீள்கிறது. குறில் நீண்டதும் விதியின் நிபந்தனையே போய்விடுகிறது, இரட்டிப்பு தானாக நிற்கிறது. பாடகர்கள் உயிரை இழுத்துவிட்டு மெய்யை அடுத்த அசையின் தொடக்கத்தில் வைப்பார்கள். 'பிஇஇ–கிஇஇ–டஅஅப்'. அதை அப்படியே பாடவையுங்கள். பிறகு மெட்டை எடுத்துவிட்டுப் பாதி நீளத்தில் சொல்லட்டும். அதன்பின் பேச்சு வேகம். உயிர் சுருங்கலாம், மெய் மட்டும் இரண்டாகக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அதை மட்டும் கவனியுங்கள்.

இன்னொன்று, சொல் கடைசியில் நாம் ஒட்டும் உகரம்: 'பஸ்ஸு', 'லுக்கு', 'கார்டு'. அடுத்து உயிர் வந்தால் 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்' என்கிறபடி அது ஓடிவிடும். ஆகவே வரி நடுவில் உயிர் வரும் இடங்களில் பிழை தெரியாது. வரிக் கடைசியிலும், மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னும்தான் தெரியும். திருத்த நினைக்கும் ஆசிரியர் காதை அங்கே வைக்க வேண்டும். வரி முடிந்ததும் உதடும் நாக்கும் மூடிய நிலையிலேயே ஒரு தட்டு நிற்கச் சொல்லுங்கள். 'ஸ்டாப்' என்றால் உதடு மூடியே இருக்கட்டும். திறந்தால்தானே உகரம் வரும்.

வடமராட்சி:
சந்திவிதி ஐயா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். இங்கிலிஷ் 'ரீ' எழுத்தைத் தமிழ்நாட்டில 'ட' எண்டு எழுதுறீங்கள், சொல்லுறதும் நாக்கை மடிச்சு. நாங்கள் 'ரீச்சர்', 'பற்றரி' எண்டு எழுதுறனாங்கள். எழுத்து எப்பிடியும் இருக்கட்டும், இடத்தைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில 'வெற்றி', 'காற்று' எண்டு சொல்லேக்க நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால இருக்கிற முரசில, அதாவது ஈறில, முட்டும், மடியாது. இங்கிலிஷ் ரீயின்ர இடம் கிட்டத்தட்ட அதுதான். தமிழ்நாட்டுப் பிள்ளையளுக்கு அந்த ஒலி பழக்கமில்லாட்டி மலையாளத்தில 'காற்று' சொல்லுறதைக் கேட்கச் சொல்லுங்கோ, அதே ஒலி.

இடம் சரியானாலும் காத்து போதாது. சொல்லின்ர தொடக்கத்தில வாற ப, ட, க மூண்டுக்கும் இங்கிலிஷில ஒரு ஊதல் வேணும். நாங்கள் ஊதாமச் சொன்னா 'பை' எண்ட பலகாரம் அவைக்கு 'வாங்கு' எண்டுற சொல்லாக் கேக்கும். டிஷ்யூ பேப்பரை வாய்க்கு முன்னால ஒரு அஞ்சு சென்ரிமீற்றரில பிடிச்சு, பாட்டின்ர வரியைப் பேச்சாச் சொல்லட்டும். பேப்பர் ஆட வேணும். ஆனா 'ஸ்'க்குப் பிறகு வாற ரீக்கும் பகரத்துக்கும் ஆடக் கூடாது. 'ஸ்டேன்ட்', 'ஸ்டார்', 'ஸ்பீக்' எல்லாம் ஊதல் இல்லாதது, எங்கட இயல்பான ஒலியே போதும்.

கரும்பலகை:
'கெட்டப்' விளக்கம் ரொம்ப உதவியாக இருக்கிறது. ஆனால் சில பாட்டுகளில் அது 'கெடப்' என்று கேட்கிறதே, எதைச் சொல்லிக்கொடுப்பது? இன்னொன்று, வகுப்பறை ஓட்டுக் கூரை இல்லை, கான்கிரீட். எதிரொலி அதிகம். ஸ்பீக்கரில் சத்தம் கூட்டினால் பின்பெஞ்சுக்கு இன்னும் புரிவதில்லை.

மெட்டளவு:
'கெடப்' அமெரிக்க உச்சரிப்பு. இரு உயிருக்கு நடுவில் ட் வந்தால் அந்த ஒலியை ஒரு தட்டாகத் தட்டிவிட்டுப் போவார்கள். ஒரே சொல்லுக்குள் என்றால் அடுத்த அசையில் அழுத்தம் இருக்கக் கூடாது. 'கெட் அப்' போல இரண்டு சொல் சேரும் இடத்தில் அந்த நிபந்தனை இல்லை. 'வாட்டர்' 'வாடர்' ஆகும், 'பெட்டர்' 'பெடர்' ஆகும். 'பாடம்', 'ஓடு' என்று சொல்லும்போது நம் டகரம் ஏறத்தாழ இதே ஒலி, ஆகவே நமக்கு இது வரப்பிரசாதம். கேட்டு அடையாளம் காண எல்லோருக்கும் கற்பியுங்கள். பேசுவதற்குக் கட்டாயம் இல்லை.

பிரிட்டிஷ் பாடகர் என்பதால் பிரிட்டிஷ் உச்சரிப்பு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் 1983இல் இதையே எழுதினார். பிரிட்டிஷ் பாப் பாடகர்கள் பாடும்போது அமெரிக்கச் சாயலுக்கு மாறுகிறார்கள். இந்தத் தட்டொலி வரும், 'மை லைஃப்' என்பது 'மா லாஃப்' பக்கம் சாயும். ஆகவே பாட்டின் உச்சரிப்பைப் பாடகர் பிறந்த ஊரின் உச்சரிப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டலில் நம்மவர்கள் அதிகம் ஏமாறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'முடியும்' என்பதற்கான 'கேன்', 'முடியாது' என்பதற்கான 'கான்ட்'. அமெரிக்க உச்சரிப்பில் இரண்டாவதும் 'கேன்ட்'தான், கடைசி ட் பெரும்பாலும் வெடிக்காது. டகரத்தைத் தேடினால் அகப்படாது. உயிரைக் கேட்க வேண்டும். 'முடியும்' மெலிந்து 'கன்' ஆகும், 'முடியாது' முழுதாக 'கேன்' என்று நிற்கும். பாட்டில் மெட்டு 'கன்'னையும் இழுத்துவிட்டால் இந்த அடையாளமும் போய்விடும். ஆகவே இந்தப் பாடத்துக்குப் பாட்டு வேண்டாம், பேச்சுப் பதிவை எடுங்கள்.

ஒலிப்பொறி:
கான்கிரீட் அறையில் சத்தம் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடும். சத்தம் குறையட்டும், ஸ்பீக்கர் அருகே போகட்டும். ஆசிரியர் மேசையிலிருந்து எடுத்து அறையின் நடுவில், பிள்ளைகளின் காது உயரத்தில், ஒரு ஸ்டூலில் வையுங்கள். சுவரை ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வீங்கும். விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பேஸை ஏற்றியே வருகின்றன, அது குரலை மூடும். ஃபோனின் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்து, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் அந்த இடத்தில்தான்.

புளூடூத்தில் இன்னொரு தொல்லை. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் பல ஸ்பீக்கர்கள் விழித்துக்கொள்ள அரை விநாடி எடுக்கும், துண்டின் முதல் சொல் காணாமல் போகும். மூன்று விநாடித் துண்டில் அது பாதிப் பாடம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, வேண்டிய வரியை வெட்டி, முன்னால் 2 விநாடி மௌனம் சேர்த்துத் தனிக் கோப்பாக வையுங்கள். ஒரே வரி நான்கு முறை, இடையில் 4 விநாடி மௌனம் விட்டு ஒட்டினால் நிறுத்தித் தேடும் வேலையே இல்லை. அந்த மௌனத்தில் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். முடிந்தால் ஃபோனையும் ஸ்பீக்கரையும் நேராக இணைக்கும் ஆக்ஸ் வயர் இன்னும் நல்லது.

வேகம் குறைப்பது பற்றி. ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ' போடுங்கள், சுருதி மாறாது. 'சேஞ்ச் ஸ்பீட்' போட்டால் குரல் தடித்து இறங்கிவிடும். யூடியூபில் 0.75 வரை பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் மெய்யொலிகள் மழுங்கும். மெதுவாக்கினாலும் நசுங்கிய சொல் விரியாது, நசுங்கியபடியே மெதுவாகும். அதனால்தான் பயன். ஆசிரியரே மெதுவாகப் படித்துக் காட்டினால் எல்லாச் சொல்லும் முழுதாக விரிந்துவிடும், கேட்க வேண்டியது அங்கே இருக்காது.

1960களின் ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் குரல் முழுதும் ஒரு பக்கம், வாத்தியம் மறு பக்கம். ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் வைத்துக் கேட்கும் பிள்ளைக்குக் குரலே வராமல் போகலாம். அதே பதிவை ஆடாசிட்டியில் இரண்டாகப் பிரித்தால் குரல் தனியாகக் கிடைக்கும், வகுப்புக்கு அதைவிட நல்ல துண்டு கிடையாது.

பாடும்குரல்:
மெட்டளவு சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பேச்சு, தட்டு, வெட்டு, ஒட்டு என்று பிரித்துக்கொண்டே போனால் பாட்டு எங்கே? கூச்சப்படும் பிள்ளை 42 பேரோடு சேர்ந்து பாடும்போதுதான் வாயைத் திறக்கும். நிறையப் பாடட்டும், உச்சரிப்பு தானாக வரும்.

மெட்டளவு:
வாய் திறக்கும் என்பது சரி, அதற்காகவே பாட வேண்டும். தானாக வரும் என்பதில்தான் வேறுபடுகிறேன். கூட்டமாகப் பாடும்போது தனிக் குரல் மறைகிறது. 'ஃபா' இடத்தில் 'பா' சொல்லும் பிள்ளை எத்தனை முறை பாடினாலும் 'பா' என்றே பாடும், யாருக்கும் கேட்காது. நூறு முறை பாடிய பிழை நூறு முறை பயின்ற பிழை. அதோடு உச்ச ஸ்தாயியில் தேர்ந்த பாடகர்களுக்கே உயிரொலிகள் ஆகாரத்தை நோக்கி ஒன்றுபோலச் சாயும். அங்கே இகரத்தையும் எகரத்தையும் பிரித்துக் கேட்பது தாய்மொழியாளருக்கும் கடினம். உச்ச ஸ்தாயி வரிகளில் காலி இடம் விடக் கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான்: கேள், தட்டோடு பேசு, பிறகு பாடு. பேசிய உச்சரிப்பு பாட்டுக்குள் போகும். பாட்டை மட்டும் கற்றால் பேச்சுக்கு வரும்போது மெட்டின் இழுவையையும் கூடவே கொண்டுவரும்.

பாடும்குரல்:
வரிசையை ஏற்கிறேன். ஆனால் பாடுவதை எப்போதும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், மணி அடித்துவிடும். கரோக்கே டிராக் (குரல் இல்லாமல் இசை மட்டும்) போடுங்கள், அசல் குரலோடு பாடினால் பிள்ளைகள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அசல் சுருதி எட்டாவிட்டால் ஆடாசிட்டியில் சுருதியை இரண்டு மூன்று அரைப்படி இறக்கலாம். கத்திப் பாடும்போது மெய்யெழுத்துதான் முதலில் சாகும்.

நாற்பதுநிமிடம்:
பாட்டு வரிகளை இணையத்திலிருந்து எடுப்பவர்கள் கவனிக்க. வரித் தளங்களில் பிழை சாதாரணம், யூடியூபின் தானியங்கி வசனம் பாட்டுக்கு இன்னும் மோசம். ஒர்க்ஷீட் அடிக்கும் முன் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். 'கான்னா', 'வான்னா', 'எய்ன்ட்', 'ஷீ டோன்ட்' மாதிரி வந்தால் பக்கத்தில் ஒரு காது படம் போட்டுவிடுங்கள். காதுக்கு மட்டும், பரீட்சைத் தாளுக்கு இல்லை என்று அர்த்தம்.

காப்புரிமை பற்றிக் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52(1)(i)இன்படி, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ படி எடுப்பது மீறல் ஆகாது. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் இந்தப் பிரிவை வைத்துத்தான் தீர்ப்பளித்தது. வகுப்புக்கு 42 படி எடுப்பது வேறு, அதே வரிகளை வலைத்தளத்தில் போட்டு எல்லோருக்கும் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு இந்த விலக்கு கிடையாது.

கரும்பலகை:
இதையெல்லாம் வைத்து முதல் பீரியடுக்கு இப்படிப் போட்டிருக்கிறேன். 'டாப் ஆஃப் த வேர்ல்ட்', முதல் சரணமும் பல்லவியும் மட்டும். கடினமான 5 சொல் பலகையில், 4 நிமிடம். தாள் இல்லாமல் ஒருமுறை கேட்டல், எதைப் பற்றிய பாட்டு என்ற ஒரே கேள்வி, 4 நிமிடம். வரிக் கடைசிக் காலி 6, இரண்டு முறை கேட்டல், இடையில் பக்கத்துப் பிள்ளையோடு சரிபார்த்தல், 10 நிமிடம். பெயரில் உள்ள 'டாப் ஆஃப் த' துண்டை வைத்து 'எத்தனை சொல்', 6 நிமிடம். தட்டோடு பேசுதல் 8, கரோக்கேயோடு பாடுதல் 5. மீதி 3 நிமிடத்தில் எல்லோரும் தனித்தனியாக 15 விநாடி வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவு. சரியா?

சந்திவிதி:
பதிவுதான் இடிக்கிறது. 42 பேருக்குத் தலைக்கு 15 விநாடி என்றாலே பத்தரை நிமிடம், ஃபோன் கை மாறும் நேரம் தனி. வாரம் ஏழு பேர் என்று வைத்தால் ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடியும். மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் வைத்து எடுங்கள், பேச்சாக, பாட்டாக இல்லை. கேட்கும்போது மூன்றே விஷயம் பாருங்கள்: வரிக் கடைசியில் உகரம் ஒட்டுகிறதா, 'டாப் ஆஃப்' என்பதில் பகரம் இரட்டிக்கிறதா, 'த' மெலிகிறதா. மற்ற பிழைகளை அந்தச் சுற்றில் தொடாதீர்கள்.

'எத்தனை சொல்' பகுதிக்குப் பாட்டின் பெயரையே எடுத்தால் முதலிலேயே பலகையில் எழுதியிருப்பீர்கள், விடை தெரிந்துவிடும். சரணத்திலிருந்து பிள்ளைகள் இன்னும் பார்க்காத ஒரு வரியை வெட்டி வையுங்கள்.

ஒலிப்பொறி:
அந்தத் துண்டை வெட்டும்போது வரியின் முதல் சொல்லுக்குக் கால் விநாடி முன்பே வெட்டுங்கள். மூச்சு உள்ளே இழுக்கும் ஓசையும் சேர்ந்து வரட்டும், வரி எங்கே தொடங்கப்போகிறது என்று காது அதை வைத்துத்தான் தயாராகும்.